பொருள்: பதில்: பதில்: பறப்பு நேரமா, கட்டைநேரமா?

உவர்மலை ரீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். சுற்றுலாத்துறைப் பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 2,750 கி.மீ. புவியின் வளைவையொட்டி மிகக் குறுகிய வழியில் அளந்தது என்பதால் 'பெருவட்டத் தூரம்' என்று போட்டுவிட்டேன். சிக்கல் நேரத்தில்தான். வானத்தில் நிற்கும் நேரம் ஒன்று. தரிப்பிடத்தில் சில்லு உருளத் தொடங்கி, போன இடத்தில் நிற்கும்வரை உள்ள நேரம் இன்னொன்று, கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம். அட்டவணையில் வருவது இதுதான், 'பிளாக் டைம்'. தமிழில் என்ன?

(சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. பிள்ளைகள் கடிகாரத்தைக் கழித்து ஆறரை என்று எழுதுவது வேறு கதை.)

சீனக்குடா:
முதலாவது பறப்பு நேரம். இரண்டாவது மொத்தப் பறப்பு நேரம். முடிந்தது.

சல்லி:
முடியேல்லை அண்ணை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரைவிலக்கணப்படி, பறந்தெழுவதற்காக விமானம் அசையத் தொடங்கியதிலிருந்து கடைசியில் நிற்கும்வரை எல்லாமே பறப்பு நேரம்தான். நிலத்தில் ஊர்ந்ததும் சேர்த்தி. விமானியின் குறிப்பேட்டிலும் அதுதான் ஏறும். அப்ப 'மொத்த' என்னத்துக்கு?

நிலாவெளி மாஸ்டர்:
பிளாக் என்பது சில்லுக்கு அண்டை கொடுக்கும் கட்டை. கட்டை எடுத்தது முதல் கட்டை வைத்தது வரை: கட்டைநேரம். கட்டை 'கட்டு' என்ற அடியில் பிறந்தது என்பது என் துணிபு. நகரவிடாமல் கட்டுவது. கட்டளையும் அதே அடிதான். கட்டளைக் கலித்துறையைப் பாருங்கள்: ஒரு வரி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசை என்றால் 17. ஓர் எழுத்து அசையுமா? இதைவிடக் கட்டு ஏது?

உவர்மலை ரீச்சர்:
மாஸ்டர், கலித்துறை இருக்கட்டும். கட்டைக் காற்சட்டை போடுகிற பிள்ளைக்குக் கட்டைநேரம் என்றால் குறைந்த நேரம். இரண்டில் கூடினதற்குப் போய் அந்தப் பெயரா? அம்மம்மாமாரைக் கேட்டால் கட்டை என்றால் மைல். தூரத்தையும் நேரத்தையும் பிரிக்கத்தானே இவ்வளவு பாடு!

மூதூர்:
'பறபொழுது' எனலாமே. ஊறுகாய் போல வினைத்தொகை. பறந்த, பறக்கின்ற, பறக்கும் பொழுது, மூன்று காலமும் அடக்கம்.

சல்லி:
அட்டவணைக்கு எதிர்காலம் ஒன்று போதும் தம்பி. ஊர்வதும் அதற்குள் அடங்காது. 'விடுசேர் நேரம்' எப்படி? தரிப்பிடம் விட்டுத் தரிப்பிடம் சேரும் நேரம்.

சீனக்குடா:
அட்டவணை நேரம் என்றே விடலாம்.

சல்லி:
அட்டவணையில் போடுவது ஒன்று, உண்மையில் எடுப்பது ஒன்று. தில்லியிலிருந்து தோக்கியோவுக்கு மேல்காற்று தள்ளிவிடும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், கூட நேரம் எடுக்கும். குளிர்காலத்தில் இன்னும் மோசம். திட்டமிட்ட விடுசேர் நேரம், எடுத்த விடுசேர் நேரம் என்று இரண்டையும் சொல்லலாம்.

மூதூர்:
சரி, விடுசேர். களைத்துவிட்டேன்.

சீனக்குடா:
நானும்.

நிலாவெளி மாஸ்டர்:
நான் இல்லை. எதை விட்டு எதைச் சேர்வது? செயப்படுபொருள் எங்கே? பேருந்துக்கும் விடுசேர்தான், திருகோணமலைப் புகையிரதத்துக்கும் விடுசேர்தான். விமானத்துக்கென்று அதில் என்ன இருக்கிறது? போகட்டும், பெருவட்டத் தூரமும் பிழை. வட்டம் முழுவதையுமா பறக்கிறோம்? அதில் ஒரு வில்லைத்தானே. 'பெருவில் தூரம்' என்று திருத்துங்கள்.

உவர்மலை ரீச்சர்:
விடுசேர் நேரம் அச்சுக்குப் போய்விட்டது. பக்கத்தில் பிளாக் டைம் என்றும் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன், நேர்முகப் பரீட்சையில் அதைத்தான் கேட்பார்கள். பெருவட்டத்தில் கைவைக்கவில்லை மாஸ்டர்.

நிலாவெளி மாஸ்டர்:
அடுத்த பதிப்பு எப்போது?