ஏரிக்கரையில் ஒரு நாள்: மாமனார், மாமியார், நான்கு வயதுப் பையனோடு எங்கே போகலாம்?

ஃபோல்சம் மருமகள்:

வணக்கம். திருச்சி பொன்மலையிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருக்கிறார்கள். இங்கே கலிபோர்னியாவின் ஃபோல்சமில் வெயில் கொளுத்துகிறது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும்படி கலிபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள தாஹோ ஏரிப் பக்கம் போக நினைக்கிறோம். பையனுக்கு மணலும் தண்ணீரும் போதும். அத்தைக்கு முழங்கால் வலி. மலைச்சாலையில் நாலு வளைவு வந்தால் வாந்தியும் வந்துவிடும். மாமா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கொடைக்கானல் ஏரியைப் போலச் சுற்றி நின்று பார்ப்பதுதானா, இறங்கிக் குளிக்க விடுவார்களா?" என்று கேட்கிறார். கணவர் படங்களைப் பார்த்துவிட்டு அந்த ஏரியின் சாண்ட் ஹார்பர் மணற்கரைதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அதே ஏரியின் எமரால்ட் பே என்ற விரிகுடாவும் பட்டியலில் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலத்தண்ணீர்:

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. மார்பளவு நீரில் நின்று குனிந்தால் கால்விரல் நகம் வரை தெரியும். தண்ணீருக்குள் யானை படுத்திருப்பதைப் போல உருண்டைக் கருங்கற்கள். வேறெதையும் யோசிக்காதீர்கள்.

ரீனோக்காரன்:

நீலத்தண்ணீர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அது இளவட்டங்களுக்கான இடம். கோடையில் காலை வேளையில் அங்கே வண்டி நுழைய முன்பதிவு வேண்டும். நிறுத்துமிடம் நிரம்பிவிட்டால் வாயிலை அடைத்துவிடுவார்கள். நெடுஞ்சாலையோரம் வண்டியை விட்டுவிட்டு நடந்து போனாலும் உள்ளே விட மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், படத்தில் விழாத சங்கதி ஒன்று: காற்று. கோடையில் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பும். தாஹோ 22 மைல் நீளம், 12 மைல் அகலம். அவ்வளவு தூரமும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து கிழக்குக் கரையில் அறையும். சாண்ட் ஹார்பர் அந்தக் கிழக்குக் கரையில்தான் இருக்கிறது. காலையில் அசையாமல் கிடந்த நீர் மூன்று மணிக்கு நான்கு வயதுப் பிள்ளையைப் புரட்டிப் போடும்.

எமரால்ட் பேயைச் சாலையோரத்தில் நின்று பார்த்துவிட்டு வரலாம். கீழே உள்ள கரைக்கு ஒரு மைல் செங்குத்தான பாதை. இறங்கியதை எல்லாம் ஏறியாக வேண்டும். அத்தையின் முழங்காலுக்கு அது கொடுமை.

தென்கரையில் போப் பீச் நல்ல இடம். ஆழம் குறைவு, முதுகுப்பக்கம் பைன் மர நிழல். ஆனால் 50ஆம் நெடுஞ்சாலையின் வளைவுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்னொன்று, அங்கே பிற்பகல் காற்று கரையிலிருந்து ஏரிக்குள் வீசும். அலை இருக்காது, அதனால் பயமும் இருக்காது. ஆனால் காற்றடைத்த மிதவையில் படுத்திருப்பவர் கண் திறக்கும்போது நெவாடாவை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்.

உங்களுக்கு ஏற்றது தாஹோவே அல்ல, ட்ரக்கி ஊரை ஒட்டிய டானர் ஏரி. 80ஆம் நெடுஞ்சாலை அகலமானது, வளைவுகள் மென்மையானவை, ஏரி சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேற்கு மூலையிலுள்ள வெஸ்ட் எண்ட் பீச்சுக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. மணல், புல்தரை, மேசைகள், சிறுவர் விளையாட்டுத் திடல் எல்லாம் சில அடி நடையில். தாஹோவின் ஆழம் 1,645 அடி, சீக்கிரம் சூடேறாது. டானர் சிறியது, ஜூலையில் உடம்பு அந்த நீரைத் தாங்கும்.

மாமாவுக்கு ஒரு விருந்தும் அங்கே இருக்கிறது. கரையில் உட்கார்ந்து மேற்கே மலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறை முகட்டை ஒட்டி நீளமான கான்கிரீட் கூடு ஒன்று தெரியும். தண்டவாளத்தைப் பனி மூடாமல் இருக்கக் கட்டியது. அமெரிக்காவின் முதல் கண்டம் கடந்த ரயில்பாதை 1869இல் முடிந்ததே, அது ஏறி வந்த வழி அதுதான். உச்சியில் 1,659 அடி நீளக் குகை. சீனத் தொழிலாளர்கள் கருமருந்தும் நைட்ரோகிளிசரினும் வைத்து நான்கு முகங்களிலிருந்து குடைந்தார்கள். நடுவில் கிணறுபோல் ஒரு குழி இறக்கி, அதன் அடியிலிருந்து இருபுறமும் வெட்டிக்கொண்டு போனதால்தான் நான்கு முகம். அந்தத் தடத்தில் 1993 முதல் ரயில் இல்லை. பழைய டானர் பாஸ் சாலையில் ஏறினால் வளைவுப் பாலத்தருகே நின்று எல்லாவற்றையும் பார்க்கலாம். அது நல்ல வளைசாலை. அத்தையைப் பேரனோடு மணலிலேயே விட்டுவிட்டு மாமாவை மட்டும் அழைத்துப் போங்கள்.

ஃபோல்சம் மருமகள்:

அண்ணா, குகைப் பகுதியை வாசித்துக் காட்டினேன். மாமா இப்போதே பெட்டி கட்டிவிட்டார்! அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. குளிக்கலாமா?

ரீனோக்காரன்:

மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உயரம் ஏறக்குறைய 5,900 அடி, கொடைக்கானலைவிடக் குறைவுதான். ஆனால் நீர் பனி உருகி வந்தது. குதிக்கக் கூடாது, முழங்கால் வரை நின்று, பழகிய பிறகு உட்காரட்டும்.

புளியோதரை:

சோற்று மூட்டையை வண்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இங்கே கரடிகளுக்குக் கார்க் கதவைத் திறக்கத் தெரியும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவது தெரியாது.

ஃபோல்சம் மருமகள்:

டானர் என்று முடிவாகிவிட்டது. கணவருக்குத்தான் மனமில்லை.

நீலத்தண்ணீர்:

செப்டம்பரில், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் ஒரு வாரநாளில் அவரை சாண்ட் ஹார்பருக்கு அனுப்புங்கள். கூட்டம் கலைந்திருக்கும், தண்ணீரில் சூடு மிச்சமிருக்கும்.