ரன்-ஆன் சென்டென்ஸுக்குத் தமிழில் என்ன சொல்வது?

மடல் 1 (பயிற்சிநூல் மொழிபெயர்ப்பாளர்)

குழுவினருக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான ஆங்கில எழுத்துப் பயிற்சிநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ரன்-ஆன் சென்டென்ஸ்' என்பதற்கு வரைவில் 'நீள் வாக்கியம்' என்று இருக்கிறது. மனம் ஒப்பவில்லை. வேறு சொல் உண்டா?

மடல் 2 (ஆங்கிலம் கற்பிப்பவர்)

> நீள் வாக்கியம்

உடனே எடுத்துவிடுங்கள். நீளம் இங்கே குற்றமே அல்ல. இணைப்புகள் சரியாக இருந்தால் நூறு சொல் வாக்கியமும் பிழையற்றது. 'ஐ ரேன் ஹீ ஃபெல்' என்ற நான்கு சொல் பிழை. தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை உரிய இணைப்பில்லாமல் ஒன்றாக எழுதுவதுதான் குற்றம். நடுவில் எந்தக் குறியும் இல்லாவிட்டால் ஃப்யூஸ்ட் சென்டென்ஸ். காற்புள்ளி மட்டும் இருந்தால் காமா ஸ்ப்ளைஸ். ஆக, பொதுப்பெயர் ஒன்று, உட்பெயர் இரண்டு வேண்டும்.

மடல் 3 (இலக்கண ஆர்வலர்)

'முற்று மயக்கம்' என்று முன்மொழிகிறேன். நம் பிள்ளைகள் இந்தப் பிழையில் விழக் காரணம் தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது. 'எழுந்து, குளித்து, உண்டு, புறப்பட்டான்' என்பதில் எச்சங்கள் எத்தனை வந்தாலும் முற்று ஒன்றே. வாக்கியம் எங்கே முடிகிறது என்ற ஐயமே எழாது. ஆங்கிலத்தில் அதையே நான்கு முற்றுவினைகளாக்கி, நடுவில் காற்புள்ளி வைத்துவிடுகிறார்கள். நமக்கு முற்றெச்சமும் உண்டு: 'கண்டனன் வணங்கினான்' என்றால் கண்டு வணங்கினான் என்று பொருள். முற்றே எச்சமாக நிற்பதைத் தமிழ் ஏற்கிறது, ஆங்கிலம் ஏற்பதில்லை. தண்டியலங்காரம் சொல்லும் குளகத்தையும் எண்ணிப் பாருங்கள். பல பாட்டு ஒரே வினை கொண்டு முடியும். ஒரே வாக்கியத்துக்குள் பல முடிபு நெருக்கும் இந்தப் பிழை குளகத்துக்கு நேர் எதிர். ஒன்று மற்றொன்றோடு கலப்பதைக் குறிக்கும் வேற்றுமை மயக்கம், திணைமயக்கம் என்ற வரிசையில் முற்று மயக்கம் இயல்பாகவே பொருந்தும்.

மடல் 4 (தனித்தமிழ் அன்பர்)

நன்று. ஆனால் நூல் முழுக்க 'வாக்கியம்' என்ற வடசொல் எதற்கு? 'தொடர்' இருக்கிறதே. தொடு, தொடர், தொடை, தொடலை எல்லாம் ஒரே வேர். மாலை தொடுப்பதும் இதே கருத்துதான். 'யாற்றுநீர்த் தொடர்' என்று வைக்கலாம். செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் யாற்றுநீர் முதலாவது.

மடல் 5 (ஆங்கிலம் கற்பிப்பவர்)

ஐயா, யாற்றுநீர் நெறிப்பட்ட ஓட்டம். அதைப் பிழையின் பெயராக்கக் கூடாது. 'தொடர்' என்றால் சிலருக்குச் சொற்றொடர், சிலருக்கு முழு வாக்கியம். இந்தப் பாடமே எது முழு வாக்கியம் என்பதைப் பற்றியது. அங்கே இருபொருள் சொல் வேண்டாம். போதாக்குறைக்கு, 'தொடர் வாக்கியம்' என்பது பள்ளி இலக்கணத்தில் சரியான ஒரு வகைக்குப் பெயராக ஏற்கெனவே இருக்கிறது. 'மயக்கம்' இலக்கணம் படித்தவருக்குத்தான் விளங்கும், மாணவருக்குத் தலைசுற்றல்தான் நினைவுக்கு வரும்.

பெயரை விடக் கண்டுபிடிக்கும் முறையில் கவனம் வையுங்கள். ஐயம் உள்ள இடத்தில் வெட்டி, இரு பாதிகளையும் ஆம்-இல்லை வினாவாக்கச் சொல்லுங்கள். 'இட் வாஸ் ரெய்னிங், வீ ஸ்டேய்ட் இன்சைட்': 'வாஸ் இட் ரெய்னிங்?', 'டிட் வீ ஸ்டே இன்சைட்?' இரண்டும் வினாவாகின்றன. ஆகவே காற்புள்ளி போதாது. முன்னால் 'பிகாஸ்' சேர்த்தால் முதற்பாதி வினாவாகாது, வாக்கியம் சரி.

திருத்த வழி நான்கு: முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, காற்புள்ளியோடு அண்ட், பட், ஆர், நார், ஃபார், ஸோ, யெட் ஏழில் ஒன்று, அல்லது ஒரு பாதியைச் சார்பு வாக்கியமாக்குவது. முற்றுப்புள்ளி ஒன்றையே பழக்கினால் 'பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்.' என்று அரைகுறையாக வெட்டி, அடுத்த பிழைக்குப் போவார்கள்.

ஹவெவர் தனியாக ஒரு பக்கம் கேட்கும். பட், ஹவெவர் இரண்டுக்கும் 'ஆனால்' என்றே சொல்லிக்கொடுப்பதால் முன்னால் காற்புள்ளி போட்டு இணைக்கிறார்கள். ஹவெவர் வினையடை. இரு வாக்கியங்களுக்கு நடுவே வந்தால் முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும், பின்னால் காற்புள்ளி. தேர்ஃபோர், தென் இரண்டும் வினையடைகளே. அவற்றுக்கு முன்னும் வெறும் காற்புள்ளி போதாது.

மடல் 6 (மெய்ப்புத் திருத்துநர்)

கால், அரை, முக்கால், முற்று என்று நிறுத்தத்தின் அளவால் பெயரிட்டிருக்கிறோம். மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி என்று பிள்ளைகள் நினைப்பதில் வியப்பில்லை. ஆங்கிலத்தில் மூச்சு அல்ல, வாக்கிய அமைப்பே குறியைத் தீர்மானிக்கிறது. இதை நூலில் சேர்த்தே ஆக வேண்டும்.

பெயருக்கு 'ஒட்டு வாக்கியம்' எப்படி?

மடல் 7 (இலக்கண ஆர்வலர்)

முன்னொட்டு, பின்னொட்டு, ஒட்டுநிலை மொழி என்று ஒட்டு ஏற்கெனவே நல்ல சொல். 'அண்ட்' போட்டு எழுதுவதும் ஒட்டுதானே, பிழை எங்கே தெரிகிறது?

மடல் 8 (மெய்ப்புத் திருத்துநர்)

அப்படியென்றால் 'ஒட்டுப்பிழை'. உட்பெயர்கள்: குறியில்லா ஒட்டு, காற்புள்ளி ஒட்டு.

மடல் 9 (பயிற்சிநூல் மொழிபெயர்ப்பாளர்)

இதுவரை ஐவர் ஒட்டுப்பிழைக்கு இசைந்திருக்கிறார்கள். அதையே வைத்து அனுப்புகிறேன். வினாச் சோதனையும் ஹவெவர் பக்கமும் சேர்கின்றன.

மடல் 10 (இலக்கண ஆர்வலர்)

அனுப்புங்கள். ஆனால் இரண்டு முற்று மோதுவதுதான் இந்தப் பிழையின் உயிர், அது ஒட்டுப்பிழையில் இல்லை. அடுத்த பதிப்பின்போது முற்று மயக்கத்தை மீண்டும் எடுத்துவருவேன்.