எலும்பில் மெலனோமா: இரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

குழுவிலுள்ள புற்றுநோய் மருத்துவர்களிடமும் நோயியல் வல்லுநர்களிடமும் ஒரு விளக்கம் வேண்டுகிறேன். 2021-இல் குதிகால் மெலனோமாவுக்கு (நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய்) அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தந்தைக்கு (வயது 63) இப்போது தீராத முதுகுவலி, எம்.ஆர்.ஐ. படத்தில் இடுப்பு முள்ளெலும்பு ஒன்றில் சந்தேகத்திற்குரிய மாற்றம் தெரிகிறது. ஊசி மூலம் எலும்புத் திசு எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். ஊசி என்றாலே அஞ்சும் அப்பாவோ, இரத்தத்தில் புற்றுக்குறியீடு (புற்றுநோய் இருப்பதைச் சுட்டும் பொருள்) பார்த்தால் போதாதா என்று கேட்கிறார்.

நான் படித்தறிந்தவரை, எல்.டி.எச். என்ற நொதியின் அளவு கல்லீரல் பாதிப்பிலும் சிவப்பணுக்கள் சிதையும்போதும்கூட உயர்வதால், அது நோயின் போக்கை மதிப்பிட உதவுமே தவிர நோயை உறுதிப்படுத்தாது. இரத்தத்திலுள்ள எஸ்-100பி என்ற புரதத்தின் அளவும் ஏறக்குறைய அப்படித்தான். திசுவிலும் எஸ்-100 புரதத்தைக் காட்டும் சாயத்தை மட்டும் நம்ப முடியாது. குருத்தெலும்புச் செல்களும் அதை ஏற்பதால், சாக்ஸ்-10, மெலன்-ஏ, எச்.எம்.பி.-45 ஆகிய மெலனோமாக் குறியீட்டுச் சாயங்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஆகவே திசு எடுப்பதே சரி என்று அப்பாவை ஒருவாறு சம்மதிக்க வைத்துவிட்டேன்.

எஞ்சியிருப்பது ஒரே ஐயம். எலும்பின் சுண்ணாம்பை நீக்க வலுவான அமிலத்தைப் பயன்படுத்தினால் டி.என்.ஏ. சிதைந்து, மருந்தைத் தேர்வுசெய்ய உதவும் பிராஃப், கிட் மரபணுச் சோதனைகள் பயனற்றுப் போகக்கூடும் என்பதால், மென்மையாகச் சுண்ணாம்பை நீக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசலைப் பயன்படுத்துமாறு ஆய்வகத்திடம் நாங்களே முன்கூட்டிக் கேட்கலாமா, அல்லது மருத்துவர் எழுதித்தர வேண்டுமா?