17 வயது மிட்ஃபீல்டர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் + ஓசிஐ: இந்தியாவுக்கு ஆட முடியுமா?

பெரம்பூர்_பாஸ்:
அக்கா மகனுக்கு 17 வயது. லண்டனில் பிறந்தவன், அங்கே ஒரு கிளப் அகாடமியில் ஸ்காலர்ஷிப் முதல் வருடம். நடுக்களத்தில் 8-ம் நம்பர் இடம் (முன்னும் பின்னும் ஓடி ஆடுபவர்), தேவைப்பட்டால் 6 (தற்காப்புக்கு முன் நிற்பவர்). அத்தான் மயிலாப்பூரில் பிறந்தவர். பையன் பிறக்கும் முன்பே பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டார். பையனிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும், எட்டு வயதில் எடுத்த ஓசிஐ கார்டும் (வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கின்றன. இரட்டைக் குடியுரிமை, எந்த நாட்டுக்கும் ஆடலாம் என்று வீட்டில் நம்புகிறார்கள். 18 ஆனதும் இந்திய அணிக்கு ஆட முடியுமா? அதற்குள் இங்கிலாந்து ஜூனியர் அணியில் கூப்பிட்டால் போகலாமா, போனால் இந்தியா கைவிட்டுப் போய்விடுமா? சென்னையில் இப்போதே ஒரு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்பில் சேர்க்க வழி உண்டா?

நேருபார்க்_நார்த்:
முதலில் அந்த இரட்டைக் குடியுரிமைக் கணக்கைச் சரிசெய்துவிடுவோம். ஓசிஐ என்பது குடியுரிமையே இல்லை. ஆயுள் விசா மாதிரிதான். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2008 முதல் தேசிய அணிகளில் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இடம். ஆக, இன்றைய நிலையில் பையன் பிரிட்டிஷ்காரன் மட்டுமே.

வழி இருக்கிறது. குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 5(1)(ஜி): 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஓசிஐ கார்டு எடுத்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். முதல் இரண்டும் அவனுக்குச் சரியாக வரும். மாட்டுவது மூன்றாவதில். அந்த 12 மாதத்தில் இடைவெளி விட்டால், மத்திய அரசு சிறப்புக் காரணம் பார்த்து மொத்தம் 30 நாள் வரைதான் தளர்த்தும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் லண்டன், சீசன் முடிந்ததும் ஒரு மாதம் லண்டன் என்று போய்வந்தால் கணக்கு உடைந்துவிடும். அதனால் 18 ஆனதும் ஆட முடியாது. வந்து ஒரு வருடம் தங்கி, விண்ணப்பித்து, ஒப்புதல் வரும் வரை காத்திருந்தால் 20-ஐ நெருங்கிவிடுவான்.

சென்னையில் தங்கியிருந்தால் ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, அசல் ஆவணங்களோடு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் போக வேண்டும். அங்கிருந்து மாநில அரசு, பிறகு உள்துறை அமைச்சகம்.

பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறக்கும் நேரம் முக்கியம். இந்தியத் தரப்பில் ஏற்புக் கடிதம் கைக்கு வந்த பிறகு துறக்கட்டும். பிரிட்டிஷ் சட்டப்படி, துறந்த 6 மாதத்துக்குள் வேறு குடியுரிமை கிடைக்காவிட்டால் துறப்பே செல்லாது. அவசரப்பட்டு முன்கூட்டியே துறந்தால் இரண்டு பக்கமும் காகிதம் முரண்படும்.

ஆஃப்சைட்_விதி11:
இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். இங்கேதான் பலரும் 'மூன்று ஆட்டம் வரை பரவாயில்லை' என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஃபிஃபா 2020 செப்டம்பரில் தளர்த்திய விதி இதுதான்: சீனியர் அணிக்கு, நட்பு ஆட்டங்களையும் சேர்த்து, 3 ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, கடைசி ஆட்டம் 21 வயதுக்கு முன் நடந்திருக்க வேண்டும், அதன்பின் 3 வருடம் கழிந்திருக்க வேண்டும், உலகக் கோப்பையிலோ யூரோ போன்ற கண்டப் போட்டியின் இறுதிச் சுற்றிலோ இறங்கியிருக்கக் கூடாது. முனிர் எல் ஹத்தாதி 2014-ல் ஸ்பெயினுக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் மொராக்கோவுக்குப் போக முடிந்தது.

ஆனால் கூடவே இன்னொரு நிபந்தனை இருக்கிறது. முதல் நாட்டுக்கு முதன்முதலாக அதிகாரபூர்வ ஆட்டம் ஆடிய அன்றே, மாறப்போகும் நாட்டின் குடியுரிமை கையில் இருந்திருக்க வேண்டும். முனிருக்கு இருந்தது. ஓசிஐ வைத்திருக்கும் பையனுக்கு இருக்காது. எனவே இங்கிலாந்து சீனியர் அணிக்கு ஒரு தகுதிச்சுற்று ஆட்டத்தில் ஒரு நிமிடம் இறங்கினாலும் இந்தியா முடிந்தது. மூன்று ஆட்டச் சலுகை அவனுக்கு இல்லை.

ஜூனியர் அணி அப்படியல்ல. அங்கே அதிகாரபூர்வ ஆட்டம் ஆடியிருந்தாலும், கடைசி ஆட்டத்தின்போது 21 ஆகாமல் இருந்து, பிறகு புது நாட்டின் குடியுரிமை பெற்று, அந்த நாட்டோடு பிறப்பு அல்லது வம்ச உறவு இருந்தால் மாறலாம். அப்பா மயிலாப்பூரில் பிறந்தவர் என்பதே அந்த உறவு. அதனால் கூப்பிட்டால் தாராளமாகப் போகட்டும். 21 வயதுக்கு உட்பட்டோர் அணி ஒன்றில்தான் கவனம் தேவை: அந்தப் போட்டியின் தகுதிச்சுற்று தொடங்கும்போதுதான் வயது வரம்பு பார்ப்பார்கள், ஆகவே 22, 23-லும் ஆடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 21-வது பிறந்தநாளுக்குப் பிறகு ஆடினால் மாற்றம் கிடையாது.

நட்பு ஆட்டம் மட்டும் ஆடியிருந்தால் அது யாரையும் கட்டாது. ரயன் வில்லியம்ஸ் 2019-ல் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நட்பு ஆட்டம் ஆடியவர். 2025-ல் அந்தப் பாஸ்போர்ட்டை விட்டு இந்தியரானார். அப்படியும் அந்த நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்துடன் நடந்த ஆட்டத்துக்கு, நாடு மாறும் ஒப்புதல் வந்து சேராததால் இறங்க முடியவில்லை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வழியாக முன்கூட்டியே எழுதிவைப்பது அவசியம்.

வியாசர்பாடி_விங்:
கிளப் விஷயம். 18 ஆகும் வரை நாடு விட்டு நாடு கிளப் மாற்றத்தை ஃபிஃபா அனுமதிக்காது. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் குடிபெயர்ந்தால் விதிவிலக்கு உண்டு. பையனுக்காகவே அம்மா இங்கே வீடு எடுத்தால் அது அந்த விதிவிலக்கில் வராது, விசாரிப்பார்கள்.

18-க்குப் பிறகு முதல் தொழில்முறை ஒப்பந்தம் இங்கே போட்டால், 12 வயதிலிருந்து வளர்த்த இங்கிலாந்து கிளப்புக்குப் பயிற்சி இழப்பீடு தர வேண்டியிருக்கலாம். வாங்கும் கிளப் ஃபிஃபாவின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்கு: நான்காம் பிரிவுக் கிளப் என்றால் இழப்பீடு இல்லை, ஆசியாவில் மூன்றாம் பிரிவுக்கு வருடம் 10,000 டாலர், 12 முதல் 15 வயது வரையிலான நான்கு வருடங்களுக்கு மட்டும் வருடம் 2,000 டாலர். 12 வயதிலிருந்து ஆறு வருடம் அகாடமியில் இருந்தவனுக்கு இது பூஜ்யமா 28,000-ஆ என்பதைப் பொறுத்தே இங்குள்ள கிளப் முடிவெடுக்கும். அகாடமி விடுவிக்கும்போது இழப்பீட்டு உரிமையைக் கைவிட்டதாக எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று, ஓசிஐ வீரரை வெளிநாட்டவர் கணக்கில்தான் இதுவரை பதிந்து வந்திருக்கிறார்கள். ஐஎஸ்எல்லில் கடந்த சில சீசன்களாக ஆறு வெளிநாட்டவர் பதிவு, களத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேர். அந்த இடத்தை அனுபவமில்லாத 18 வயதுக்காரனுக்கு எந்தப் பயிற்சியாளரும் தரமாட்டார். கையெழுத்துக்கு முன் அந்த சீசனின் ஒழுங்குவிதியை வாங்கிப் படியுங்கள்.

பெரம்பூர்_பாஸ்:
மிக்க நன்றி. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட்டால் திரும்ப இங்கிலாந்தில் கிளப் ஆட்டம் ஆட முடியாதா? ஆவணங்களில் இப்போதே எதைத் தயார் செய்யலாம்?

நேருபார்க்_நார்த்:
விட்டால் மற்ற வெளிநாட்டவர் மாதிரி ஒர்க் பெர்மிட்டுக்கு 15 புள்ளி சேர வேண்டும். சர்வதேச ஆட்டத்துக்கான புள்ளி ஃபிஃபா தரவரிசையில் முதல் 50 நாடுகளுக்குத்தான். இந்தியா நூறுக்கும் கீழே. ஆக, இந்தியாவுக்கு எத்தனை ஆட்டம் ஆடினாலும் அந்தப் பத்தியில் பூஜ்யம். வேறொரு குடியுரிமைக்காகத் துறந்தவர் பிரிட்டிஷ் குடியுரிமையை ஒருமுறை திரும்பக் கேட்கலாம், ஆனால் வாங்கிய நாளே இந்தியக் குடியுரிமை போய்விடும். என் கருத்து: 21 வரை அங்கேயே சீனியர் ஆட்டங்கள் சேரட்டும், லோனில் (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு) கீழ் டிவிஷனுக்குப் போனாலும் சரி. நடுக்கள வீரனுக்கு அந்த வயதில் வாராவாரம் 90 நிமிடம் கிடைப்பதுதான் பெரிது. அரட்டா இசுமியும் ஜப்பான் குடியுரிமையை விட்டு 2013-ல் இந்தியாவுக்கு ஆடும்போது முப்பதைத் தாண்டியிருந்தார்.

ஆவணத்தில் அத்தானின் பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுங்கள். அந்தக் காலச் சான்றிதழ் பலவற்றில் பெயர் இருக்காது, 'ஆண்' என்றும் பெற்றோர் பெயரும் மட்டும்தான். மாநகராட்சியில் பெயர் சேர்க்க மனு போட வேண்டும். அடுத்தது இனிஷியல். இங்கே 'சு. ரவி', பாஸ்போர்ட்டில் 'ரவி சுப்பிரமணியன்', பையனின் லண்டன் சான்றிதழில் அப்பா பெயர் 'சுப்பிரமணியன் ரவி' என்றிருந்தால் மூன்று ஆட்களாகத் தெரியும். மூன்றும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று, அத்தானின் பழைய இந்தியப் பாஸ்போர்ட் நகல், அதைச் சரண்டர் செய்த சான்றிதழ், பெற்றோர் பெயர் உள்ள பையனின் முழுப் பிறப்புச் சான்றிதழ். சரண்டர் சான்றிதழ் ஓசிஐ எடுத்தபோதே கேட்டிருப்பார்கள், அக்காவிடம் இருக்கும், தேடச் சொல்லுங்கள்.