பூனைக்கு நாம் கொடுத்த ஒரு வாய்: உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்

என் மிட்டுவுக்கு 6 வயது, 4 கிலோ எடை. போன மாதம் அவள் சாவின் விளிம்பு வரை போய் வந்தாள். காரணம் நான் என் கையால் கொடுத்த கோழி சூப்.

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று எங்களுக்கு வைத்த சூப்பையே வடிகட்டி, ஆறவைத்துக் கொடுத்தேன். ஆசையாகக் குடித்தாள். அந்தச் சந்தோஷத்தில் நாலு நாள் தொடர்ந்து கொடுத்தேன். அதில் வெங்காயமும் பூண்டும் வெந்திருந்தது எனக்குத் தெரியும், ஆனால் அதைத்தான் வடிகட்டிவிட்டோமே என்று இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் ஜன்னல் திண்டுக்குத் தாவப் போனவள் பாதியிலேயே நின்று படுத்துக்கொண்டாள், மூச்சு வேகமாக வாங்கியது, உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. மணல் தட்டில் சிறுநீர் பழுப்பு நிறம்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே “வெங்காயம் ஏதாவது சாப்பிட்டதா?” என்பதுதான். இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 14 சதவீதம் என்று வந்தது, பூனைக்கு 30-க்குக் குறையக் கூடாதாம். அப்புறம்தான் சூப் ஞாபகம் வந்தது.

வெங்காயம், பூண்டு இரண்டிலும் இருக்கிற கந்தகப் பொருட்கள் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைத் தாக்குகின்றன, அது கட்டிதட்டி அணுவின் ஓரத்தில் குமிழ் போல ஒட்டிக்கொள்கிறது, உடம்பு அந்த அணுக்களை உடைத்துத் தள்ளிவிடுகிறது. இப்படித் தாக்குப்படக்கூடிய இடங்கள் நாயின் ஹீமோகுளோபினில் 4, பூனையுடையதில் 8. வேகவைத்தால் அந்த நச்சு போவதில்லை, தண்ணீரில் இறங்கிவிடுகிறது, நான் வடிகட்டிக் கொடுத்ததும் அந்தத் தண்ணீரைத்தான். ஒரு கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே பாதிப்பு உண்டாக்கப் போதும். மிட்டுவின் எடைக்கு 20 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சாப்பிட்ட அன்றே எதுவும் தெரியாது, பல நாள் கழித்துத்தான் தெரியும், அதனால்தான் யாருக்கும் உணவின் மேல் சந்தேகம் வருவதில்லை.

ரத்தம் ஏற்றினார்கள். பூனைக்கும் ரத்த வகை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும், ஏ, பி என்று. பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் ஏற்றினால் முதல் தடவையிலேயே உயிர் போகலாம் என்பதால் வகை பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

*

படித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. எங்கள் வீட்டில் வந்த ஆபத்து உணவே இல்லை, உணவைச் சுற்றியிருந்த நூல். இறைச்சியைக் கட்டி வேகவைத்த நூலைக் குப்பையில் போட்டிருந்தோம், கறி வாசனைக்கு எங்கள் பூனை கருப்பன் அதை எடுத்துத் தின்றுவிட்டான். மறுநாள் ஓயாமல் வாந்தி. வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கின் அடியில் நூல் சுற்றியிருந்தது, மறுமுனை தொண்டைக்குள்ளே. பிடித்து இழுக்கத்தான் கை போனது. என் அக்கா “தொடாதே, அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பு” என்று தடுத்தாள். அவள் தடுத்ததால்தான் அவன் பிழைத்தான் என்று அறுவை முடிந்த பிறகு சொன்னார்கள். ஒரு முனை மாட்டிக்கொண்டால் குடல் அந்த நூலின் மேல் கொசுவம் மாதிரி சுருங்கி ஏறும், அந்த நேரத்தில் இழுத்தால் நூல் குடலை அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள்.

*

எங்களுடையது மீன். பச்சை மீன்தானே பூனைக்கு இயற்கை உணவு என்று நம்பி மாதக்கணக்கில் வேறு எதுவும் கொடுக்காமல் அதையே போட்டோம். ஒரு நாள் தலையை நிமிர்த்த முடியாமல் தாடை மார்பில் இடிக்கிற மாதிரி குனிந்தே நடந்தது, சாயங்காலம் வலிப்பு வந்துவிட்டது. சில வகை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறதாம், வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். பி1 ஊசி போட்ட இரண்டு நாளில் தலை நிமிர்ந்தது. நேரத்தோடு போனதால் தப்பித்தோம்.

*

பால் கொடுக்கலாமா என்று யாராவது சொல்லுங்கள். என் பூனை குடித்தால் பேதியாகிறது, ஆனால் கேட்டுக் கேட்டு அழுகிறது.

*

பேதியாகிறது என்றால் அதுவே பதில், நிறுத்திவிடுங்கள். குட்டிப் பருவம் தாண்டியதும் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். தண்ணீர் போதும்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பூனை சாக்லேட் கேக் தின்றுவிட்டது. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, அதிலிருந்த வெண்ணெய்க்காகத்தான் வாய் வைத்திருக்கும். பயத்தில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தேன். மருத்துவர் அதற்குத்தான் அதிகம் கோபப்பட்டார், உப்பு ரத்தத்தில் ஏறினால் அதுவே மூளையைப் பாதிக்கும் என்றார். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு உடனே கிளம்புவதுதான் சரி.

*

மிட்டுவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: நேற்று சிவப்பணுக்களின் பங்கு 29 சதவீதம் வந்தது. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் சாப்பிட மறுத்தபோது குழந்தைகளுக்கான இறைச்சிக் கூழ் ஒன்றை வாங்கி வந்தேன், பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் வெங்காயத் தூள் என்று போட்டிருந்தது, தூளில் வீரியம் இன்னும் அதிகம், திறக்காமலே எடுத்து வைத்துவிட்டேன். அதற்குப் பதில் உப்பு, மசாலா எதுவும் போடாமல் தண்ணீரில் வெந்த கோழியை எலும்பு நீக்கிப் பிய்த்து வைத்தேன். இன்று காலை ஜன்னல் திண்டுக்கு அவளே தாவி ஏறினாள்.