பினாங்கு லிட்டில் இந்தியா கள ஆய்வு: லைசென்ஸ் ஒரு பக்கம், ஊர் ஒப்புதல் ஒரு பக்கம்

மாலைத்தெரு மாணவி

வணக்கம். மானிடவியல் முதுகலை ஆய்வுக்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவைக் களமாக எடுத்திருக்கிறேன். லெபோ பசார், லெபோ குவீன், லெபோ பினாங்கு (லெபோ என்றால் தெரு), இவ்வளவுதான் எல்லை. "இவர் இங்கே கடை போடலாம்" என்று ஒரு சிறு வியாபாரியை யார், எதை வைத்து ஒப்புக்கொள்கிறார்கள்? 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு அது எப்படி மாறியது? இதுதான் ஆய்வுக் கேள்வி.

முறைசார் தொழில், முறைசாராத் தொழில் என்று இரண்டு பட்டியல் போடச் சொல்கிறார் மேற்பார்வையாளர். போட்டால் ஒரே கடை இரண்டிலும் வருகிறது. பெயர்ப் பதிவு உண்டு, மாநகர் மன்ற லைசென்ஸ் உண்டு. ஆனால் சாமான் பாதி அஞ்சடியில் (கடை வாசலை ஒட்டிய கூரையுள்ள நடைபாதை) நிற்கிறது, முதலீடு கூட்டுப் பணத்தில் (பலர் மாதா மாதம் போட்டு, முறை வைத்து எடுப்பது) வந்தது. இதை எப்படி வகைப்படுத்துவது? கடைக்காரர்களிடம் பேச்சை எங்கே தொடங்குவது? கட்டடங்களின் கதையை எந்த ஆவணத்தில் தேடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாம் திண்ணை

இரண்டு பட்டியலைக் கைவிடுங்கள். முறைசாரா வருமானம் என்ற கருத்தை 1971-இல் முன்வைத்தவர் மானிடவியலாளர் கீத் ஹார்ட். கானாவின் அக்ரா நகரில், நீமா என்ற ஏழைக் குடியிருப்பில் செய்த களப்பணி அதன் அடிப்படை. அவர் வகைப்படுத்தியது வருமான வழிகளை, ஆட்களை அல்ல. ஒரே ஆள் காலையில் சம்பள வேலையும் மாலையில் வேறு பிழைப்பும் பார்ப்பது அவருடைய ஆய்விலேயே உண்டு. 1972-இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் அது "துறை" ஆகி, ஆட்களையும் கடைகளையும் பிரிக்கும் கோடாக இறுகியது. மேற்பார்வையாளரிடம் இதை எடுத்துச் சொன்னால் பாதி வாதம் முடிந்துவிடும்.

உங்களுக்கு நேரடியாக உதவுவது இத்தாலோ பார்தோ நேப்பிள்ஸ் நகரில் செய்த ஆய்வு. சட்டம் அனுமதிப்பதும் மக்கள் நியாயம் என்று ஏற்பதும் வேறு வேறு என்பது அவர் வாதம். சட்டத்துக்குள் இருந்தும் தெரு ஏற்காதது உண்டு. சட்டத்துக்கு வெளியே இருந்தும் யாரும் தப்பென்று நினைக்காதது உண்டு.

ஆகவே கடையை ஒரு அலகாக எடுக்காமல், கடைக்குள் நடக்கும் செயல் ஒவ்வொன்றையும் தனி அலகாக எடுங்கள். இடம், சரக்கு, கடன், வேலையாள், திறக்கும் நேரம், பெயர்ப்பலகை, அஞ்சடி, கோயில் நன்கொடை. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்கள்: சட்டம் என்ன சொல்கிறது, பக்கத்துக் கடை என்ன சொல்கிறது, வாடிக்கையாளர் என்ன சொல்கிறார், அமலாக்க அதிகாரி நடைமுறையில் என்ன செய்கிறார். நான்காவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். அதிகாரி எதைப் பார்த்தும் பார்க்காமல் போகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

"தொழில்முனைவர்" என்பதை ஆளின் குணமாக எழுதாதீர்கள். துணிச்சல், உழைப்பு என்று போனால் ஆய்வு வாழ்த்து மடல் ஆகிவிடும். ஃபிரெட்ரிக் பார்த் 1967-இல் எழுதிய சூடான் டார்ஃபூர் ஆய்வைப் பாருங்கள். அங்கே ஃபூர் மக்களிடம் கூலிக்கு ஆள் கிடைக்காது, கூலிக்குப் போவதே இழுக்கு. தினை பீர் காய்ச்சி ஊரைக் கூப்பிட்டால் வந்து கூட்டாக வேலை செய்வார்கள். வெளியிலிருந்து வந்த அரபு வணிகர் ஒருவர் சுமார் 5 பவுண்டு பெறும் தினையை வாங்கிப் பீர் காய்ச்சி, அந்தக் கூட்டு உழைப்பில் தக்காளி பயிரிட்டு, 100 பவுண்டுக்கு மேல் விற்றார். ஒன்றுக்கொன்று மாற்றக்கூடாது என்று ஊர் பிரித்து வைத்திருந்த இரண்டு வட்டங்களுக்கு நடுவே அவர் பாலம் போட்டார். லாபமும் எதிர்ப்பும் அந்த இடத்தில்தான் பிறக்கும். லெபோ குவீன் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பூவை அடக்க விலைக்குக் கொடுத்துவிட்டு, அதனால் வரும் பெயரைத் திருமண ஆர்டராக மாற்றுகிற கடை இருந்தால் அதுவும் இதே வேலைதான். ஊர் அதை எதுவரை பக்தி என்று சொல்கிறது, எங்கே வியாபாரம் என்று முகம் சுளிக்கிறது என்று கேளுங்கள்.

அஞ்சடி அளவுகோல்

மேலே அண்ணன் சொன்ன நான்கு கட்டத்தில் "சட்டம்" என்று ஒரே கட்டம் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அது குறைந்தது ஐந்து தனித்தனிச் சட்டம், ஒன்று மற்றொன்றுக்கு உத்தரவாதம் இல்லை.

பெயர்ப் பதிவு 1956 வணிகப் பதிவுச் சட்டப்படி எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையம்). தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் செய்ய வேண்டும். சொந்தப் பெயரென்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயரென்றால் 60. இது தொழில் நடத்த அனுமதி அல்ல, ஆள் யார் என்ற பதிவு மட்டுமே. கடை லைசென்ஸ் 1976 ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவின் கீழ் மாநகர் மன்றம் தருவது. கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றினால், உதாரணமாக மளிகைக்கடை தங்கும் விடுதி ஆனால், 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். அஞ்சடியை மறிப்பது 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் வருகிறது. அஞ்சடி நிலம் பெரும்பாலும் கட்டட உரிமையாளருடையது, நடக்கும் உரிமை பொதுமக்களுடையது. அதனால்தான் "என் வாசல்" என்று கடைக்காரர் சொல்வதும் "வழியை மறிக்காதே" என்று அதிகாரி சொல்வதும் இரண்டுமே முழுப் பொய் இல்லை. ஐந்தாவது மரபுடைமை விதிகள். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மூல மண்டலம் 109.38 ஹெக்டர், அதைச் சுற்றிய இடைமண்டலம் 150.04. இந்த மண்டலங்களுக்கான விதிகளைச் சொல்லும் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வந்தது 2016-இல்தான். ஆகவே 2008-க்கும் 2016-க்கும் நடுவில் செய்த மாற்றங்களை இன்றைய விதியை வைத்து "மீறல்" என்று எழுதிவிடாதீர்கள்.

யுனெஸ்கோவிலிருந்து தொடங்குவது இன்னொரு பொறி. லெபோ பசாரை முதலில் ஆட்டியது வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. 1966 சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கு வாடகையை அடக்கி வைத்திருந்தது. 1997-இல் நீக்கச் சட்டம் வந்தது, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு அறவே இல்லை. அதற்கு முன் தலைமை வாடகைக்காரர் ஒருவர், அவருக்குக் கீழே உள்வாடகைக்காரர்கள், கை மாறும்போது சாவிப் பணம் (இடத்தை விட்டுக்கொடுக்க வாங்கும் தொகை) என்று ஒரு முழு ஏற்பாடு இருந்தது. அது ஒரே இரவில் மதிப்பிழந்தது. "நாங்க மூணு தலைமுறையா இங்க இருக்கோம்" என்று ஒருவர் சொன்னால், எந்தத் தகுதியில் என்று கேளுங்கள்: உரிமையாளரா, தலைமை வாடகைக்காரரா, உள்வாடகையா? மூவருக்கும் 2000 வெவ்வேறு ஆண்டு.

ஆவணங்களுக்கு: நில அலுவலகத்தில் உரிமைத் தேடல் (கோயில் அறக்கட்டளை, வக்ஃபு, குடும்ப டிரஸ்ட் பெயரில் நிற்கும் மனைகளைத் தனியாகக் குறியுங்கள், அங்கே வாடகை சந்தைப்படி நகராது), மாநகர் மன்ற மதிப்பீட்டு வரிப் பதிவு, பழைய சிங்கப்பூர் மலாயா டைரக்டரிகள். டைரக்டரியில் கடைப் பெயர் இருக்கும், ஆனால் சின்னக் கடைகளும் உள்வாடகைக்காரர்களும் இருக்க மாட்டார்கள். அது இல்லாததை ஆள் இல்லாததாக எடுக்கக்கூடாது.

அஞ்சடி வரைபடம்: 1:50 அளவில், தூணிலிருந்து தூணுக்கு. காலை 8, பகல் 12, மாலை 5, இரவு 8. சாமான் எந்தக் கோடுவரை வருகிறது, நடக்க எத்தனை சென்டிமீட்டர் மிச்சம் என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமையைத் தனியாக எடுங்கள்: கோயில் கூட்டம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தொழுகை நேரம் இரண்டும் தெருவை மாற்றும். தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரத்தைப் பொதுக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அப்போது விதியும் வேறு, பொறுமையும் வேறு.

பேரேடு

முதல் நாளே "லைசென்ஸ் இருக்கா அண்ணே?" என்று கேட்டால் உங்களை மாநகர் மன்ற ஆள் என்றுதான் நினைப்பார்கள். "உங்களுக்கு முன்ன இந்தக் கடையில யாரு இருந்தாங்க?" என்று தொடங்குங்கள். அடுத்தது, "ஊருக்குப் போறப்ப சாவி யாருகிட்ட குடுப்பீங்க?" நம்பிக்கை யாரிடம் என்பதற்கு இதைவிட நேரான கேள்வி இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை மூன்று விஷயம் பிடியுங்கள். சரக்குக் கடன் எத்தனை நாள், தவணை தவறினால் முதலில் நிற்பது எது, யார் சொன்னால் மறுபடி கிடைக்கும். மூன்றாவதற்கு வரும் பெயர்தான் அந்தத் தெருவின் உண்மையான தலைவர். சங்கத் தலைவர் வேறு ஆளாக இருப்பார்.

செட்டியார் தொழிலைத் தொட்டால் மகமையை விடாதீர்கள். தொழிலில் ஒரு பங்கு கோயிலுக்குப் போகும், அந்தக் கோயிலில் கூடுகிறவர்களே கிட்டங்கியிலும் (செட்டியார்கள் கடன் தொழில் நடத்தும் இடம்) பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நாணயம் கெட்டவன் செய்தி கடிதம் போவதற்கு முன் போய்விடும். 1951 கடன் கொடுப்போர் சட்டத்தில் ஈடு உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடில்லாததற்கு 18 என்று வட்டிக்கு உச்சவரம்பு உண்டு. அந்த உலகத்தின் நாணயம் சட்டத்திலிருந்து வந்ததல்ல.

கூட்டுக் கணக்கு இப்படி: 10 பேர், மாதம் ஆளுக்கு 500 வெள்ளி, மொத்தம் 5,000. முதல் மாதம் பெரும்பாலும் தாய் பிடிப்பவருக்கு (கூட்டை நடத்துபவர்), தள்ளுபடி இல்லாமல். மூன்றாம் மாதம் ஒருவர் 600 தள்ளி ஏலம் எடுத்தால் அவருக்கு 4,400. அந்த 600 பத்துப் பேருக்கும் பிரிந்து, அந்த மாதம் ஆளுக்கு 440 கட்டினால் போதும். நீங்கள் கவனிக்க வேண்டியது வட்டியை அல்ல. ஆரம்ப மாதங்களில் எடுக்க யாரை விடுகிறார்கள், யாரைக் கடைசிவரை காக்க வைக்கிறார்கள் என்று பாருங்கள். புதிதாக வந்தவருக்கு ஏழாம் மாதத்துக்கு முன் விடமாட்டார்கள் என்றால் அதுதான் அவருடைய மதிப்பெண்.

மாலைத்தெரு மாணவி

அனைவருக்கும் நன்றி. பேரேடு ஐயா, கூட்டு விவரத்தை ஆய்வேட்டில் எழுதினால் சொன்னவர்களுக்குச் சிக்கல் வராதா?

நாலாம் திண்ணை

வரும். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971 கூட்டு நிதித் தடைச் சட்டம் குற்றமாக்குகிறது. கூட்டு, சீட்டு, சீனர்களின் ஹுவே எல்லாம் அதில் அடக்கம். ஆகவே தாய் பிடிப்பவரின் பெயர், கடை, தொகை மூன்றையும் ஒரே குறிப்பேட்டில் வைக்காதீர்கள். தொகையை விகிதமாக மாற்றி எழுதுங்கள். வெளிநாட்டு வேலையாட்களின் பெர்மிட் நிலையைக் குறிப்பேட்டிலேயே எழுத வேண்டாம்.

புனைபெயர் மட்டும் போதாது. மூன்று தெருவுக்குள் வெள்ளி சாமான் விற்கும் பெண் ஒருவர்தான் என்றால் எந்தப் பெயர் வைத்தாலும் அவர்தான். இரண்டு மூன்று கடைகளின் விவரத்தைக் கலந்து ஒரு கடையாக எழுதி, அப்படிச் செய்திருப்பதை முறையியல் பகுதியில் சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்குப் போகும் படிவத்தில் இதை முன்கூட்டியே எழுதுங்கள், பின்னால் கேட்டால் காலம் இழுக்கும்.

அஞ்சடி அளவுகோல்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் கடைகளை மட்டும் பேட்டி எடுத்தால் பிழைத்தவர்களின் கதைதான் கிடைக்கும். 2000-க்குப் பிறகு காலி செய்து போனவர்களைத் தேடுங்கள். பழைய டைரக்டரியில் இருந்து, இன்றைய வரைபடத்தில் இல்லாத பெயர்களைப் பட்டியலிட்டு, அதே வாசலில் இன்று இருப்பவரிடம் காட்டுங்கள். எங்கே போனார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.