ஒரு வருஷ நாடகங்களில் மனசில் தங்கிய மோதிரம்

மாதம் ஒரு மேடை நாடகமாவது பார்த்துவிட வேண்டும் என்று போன வருஷம் ஆரம்பித்தேன். கடைசியில் கணக்கு 14 ஆனது. பெரிய அரங்கமும் உண்டு, 40 நாற்காலி போட்ட சின்ன அறையும் உண்டு. அந்த அறையில் ஒருவர் 70 நிமிஷம் தனியாளாக நடித்தார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. இன்னொரு நாடகத்தில் இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டேன். இப்போது நினைத்தால், உட்கார்ந்து பார்த்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

இரண்டு தடவை பார்த்தது ஒன்றே ஒன்றுதான். நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு'. 1879-ல் கோபன்ஹேகனில் முதன்முதலாக மேடையேறிய நாடகம். எட்டு வருஷம் குடும்பம் நடத்திய நோரா, கணவனையும் மூன்று பிள்ளைகளையும் விட்டுக் கிளம்பிப் போகிறாள். அவள் போன பிறகு கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான், முடிந்தது.

முதல் தடவை கடைசி வரிசை. மேடை முழுவதும் கண்ணுக்குள் அடங்கியது. யார் யாரைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். கதவுச் சத்தம் வந்ததும் அரங்கமே கொஞ்ச நேரம் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து அதே குழு, அதே நடிகர்கள். இந்தத் தடவை முன்வரிசை. கடைசிக் காட்சியில் நோரா தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கணவனின் மோதிரத்தைக் கேட்பாள். முதல் தடவை இது நடந்ததே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இப்போது மோதிரம் கணவனாக நடித்தவரின் விரலைவிட்டு வரவில்லை. திருகினார், இழுத்தார், விரல் மூட்டில் தோல் சுருங்கிச் சிவந்தது. நோராவாக நடித்தவர் அடுத்த வசனத்துக்குத் தாவவில்லை. நீட்டிய உள்ளங்கையை மடக்காமல் அப்படியே நின்றார். ஒருவழியாக மோதிரம் கழன்று அவர் கைக்கு வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நாடகம் முடிந்து வெளியே அந்த நடிகரைப் பார்த்துக் கேட்டேன். "ரெண்டு நாளா விரல் வீங்கியிருக்கு. அவங்க அவசரப்படாம நின்னதாலதான் அந்தக் காட்சி பிழைச்சுது" என்றார்.

அப்புறம் இந்த நாடகத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1880-ல் ஜெர்மனியில் நோராவாக நடிக்க வேண்டிய நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகிற மாதிரி நடிக்க மாட்டேன் என்று மறுத்திருக்கிறார். வேறு யாரோ கைவைத்துக் கெடுப்பதற்கு நாமே எழுதிவிடலாம் என்று இப்சனே இன்னொரு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் தூங்கும் பிள்ளைகளின் அறை வாசலில் நோரா உடைந்து உட்கார்ந்துவிடுகிறாள், வீட்டைவிட்டுப் போவதில்லை. தான் எழுதிய அந்த முடிவை இப்சனுக்கே பிடிக்கவில்லை. படித்தபோது எனக்கும் ஆற்றாமையாக இருந்தது. கழற்ற அவ்வளவு பாடுபட்ட மோதிரம் அங்கே என்ன ஆகும்?

உங்களுக்குப் பிடித்த நாடகம் மறுபடி போட்டால் தயங்காமல் போங்கள், இடத்தை மட்டும் மாற்றி உட்காருங்கள். அந்தக் குழு அடுத்த மாதம் திரும்பவும் போடுகிறது. நான் ஓரத்து நாற்காலி எடுத்திருக்கிறேன், நோரா வெளியே போகிற பக்கம்.